பாட்டன் இல்லாத மொழிபெயர்ப்பாளர்

குலேத்துக்குச் சுவாஹிலி தெரியாது என்று நீதிமன்றம் தீர்மானித்தபோது, குலேத் சுவாஹிலியில்தான் அதை மறுத்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, எனக்கு எல்லாம் புரியுது. நான் நைரோபியிலயே பொறந்து இங்கயே படிச்சவன். சுவாஹிலியில நீங்க என்ன கேட்டாலும் சொல்றேன்," என்றான் கூண்டுக்குள் நின்றபடி.

நீதிபதி வஞ்சாலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தா அம்மாளிடம் கேட்டார். "என்னம்மா சொல்றான்?"

"தெரியலைங்க ஐயா. மொழிபெயர்ப்பாளர் இன்னும் கிடைக்கல."

"பாவம். புரியாத பாஷையில எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டிருக்கான் பாரு. கூட்டிட்டுப் போங்க. ஆள் கிடைச்சதும் கொண்டு வாங்க."

காவலர்கள் குலேத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் அவன் சுவாஹிலியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அது மட்டும் நீதிபதிக்குப் புரிந்தது. நீதிமன்ற அவமதிப்பு என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

பார்வையாளர் பெஞ்சில் இருந்த உபா எழுந்து நின்றாள். "அது மட்டும் எப்படிங்க ஐயா புரிஞ்சுது?"

"தொனியை வச்சும்மா," என்றார் நீதிபதி. "தொனிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. உக்காரு."

உபா குலேத்தின் அக்கா. நைரோபியில் சோமாலிகள் வாழும் ஈஸ்ட்லியில், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒட்டகப் பால் விற்பவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பியை வளர்த்தது அவள்தான். வளர்ந்த தம்பி ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில், ஒரு மேசை போடும் அளவு இடத்தில், கணினி பழுது பார்க்கும் கடை வைத்தான். அங்கே ஒருநாள் அரசு அலுவலக மேலாளர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். கடவுச்சொல் மறந்துவிட்டதாம். குலேத் திறந்து கொடுத்தான். மேலாளர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சில நாள் கழித்து அந்தக் கணினியை வெளியாள் யாரோ திறந்திருப்பதாக அலுவலகத்தில் கண்டுபிடித்தார்கள். மேலாளர் திகைத்துப்போனார். நாட்டின் பாதுகாப்பே ஆடிப்போயிற்று என்று அவரே முன்னால் நின்று புகார் கொடுத்தார். போலீசுக்கு வழி காட்டியவரும் அவர்தான். கடை அவருக்குத் தெரியுமே.

காவல் நிலையத்தில் பெயரைக் கேட்டார்கள். பெயர் சோமாலிப் பெயர். ஆகவே மொழியும் சோமாலி என்று போட்டுவிட்டார்கள். சுவாஹிலி தெரியுமா என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றாதபடி எழுதியவரும் குலேத்தும் சுவாஹிலியிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் நல்ல சட்டம்தான். கூண்டில் நிற்பவர் தன் மொழியில் வழக்கைக் கேட்கலாம். அது அவர் உரிமை. அந்த உரிமை வேண்டாம் என்றும் அவர் சொல்லலாம். ஆனால் வேண்டாம் என்பதைத் தன் மொழியில் சொல்ல வேண்டும், அதை ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். கணினி வழக்கு என்றால் மொழிபெயர்ப்பவருக்குக் கணினியும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு ஒரு வழக்கில், நினைவகத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன் என்று ஒருவன் சொன்னதைக் கணினி தெரியாத ஒருவர் ஞாபகசக்தி என்று மொழிபெயர்க்க, அவனை மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கணினி வழக்குகளுக்கான மொழிபெயர்ப்பாளர் வாரியம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வாரியத்துக்குக் கட்டடம் இருந்தது, வாகனங்கள் இருந்தன, இயக்குநர் இருந்தார். மொழிபெயர்ப்பாளர் மட்டும் இல்லை.

உபா பால் கேன்களைப் பக்கத்துச் சாய்க் கடை நிமோவிடம் ஒப்படைத்துவிட்டு வாரியத்துக்குப் போனாள். நாட்டின் எல்லா மொழிகளையும் காக்கும் அந்தக் கட்டடத்தில், கழிப்பறை எங்கே என்பதுகூட ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுதியிருந்தது.

இயக்குநர் முனைவர் முத்திந்தா அவளை எழுந்து நின்று வரவேற்றார். சுவர் நிறைய அவருடைய படங்கள். எல்லாப் படத்திலும் பின்னால் கடல் இருந்தது.

"உக்காருங்கம்மா. உங்க தம்பி விஷயத்துல நாங்க தூங்கறதே இல்ல. இப்பத்தான் டியானி கடற்கரையில பெரிய மாநாடு ஒண்ணு நடத்திட்டு வந்தோம். சோமாலி, சுவாஹிலி, கணினி, மூணும் தெரிஞ்ச ஆளுங்களைப் பத்தி."

"ஆள் கிடைச்சாங்களா?"

"பற்றாக்குறை கிடைச்சுது," என்றார் முத்திந்தா பெருமையாக.

"அது எனக்கே தெரியுமேங்க."

"உங்களுக்குத் தெரியறது வேறம்மா. நாங்க அதை நிரூபிச்சிருக்கோம். அடுத்த மாநாட்டுல பற்றாக்குறை எவ்வளவு ஆழம்னு பாக்கப்போறோம்."

உபாவுக்கு அவர் சொன்னது பிடிபடவில்லை. தன் பக்கத்திலிருந்து விளக்கிப் பார்த்தாள். "ஐயா, எங்க வளாகத்துல படிக்கட்டுக்குப் படிக்கட்டு கணினி பழுது பாக்கற பசங்க இருக்காங்க. சோமாலியில அம்மாவோட சண்டை போடுவாங்க, சுவாஹிலியில போலீசோட பேரம் பேசுவாங்க. யாரை வேணாலும் கூட்டிட்டு வரேன்."

முத்திந்தா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, இதை வெளிய சொல்லிட்டுத் திரியாதீங்க. வெளிநாட்டுக்காரங்க நமக்குப் பணம் கொடுக்கறது ஆள் இல்லாததுக்குத்தான். தெருத்தெருவா ஆள் இருக்குன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. வாரியத்தை மூடிடுவாங்க. அப்புறம் உங்க தம்பிக்கு யாரும்மா ஆள் தேடறது?"

உபா எழுந்து போனாள். மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அவள் உடுப்பிலிருந்து, புகை காட்டிய கேனில் ஊற்றும் ஒட்டகப் பாலின் வாசம் அந்தக் குளிரூட்டிய அறையில் தங்கிவிட, கடைசியில் வாசத்தைத் தாங்க முடியாமல் முத்திந்தா தேர்வு வைக்க ஒப்புக்கொண்டார்.

வளாகத்துப் பையன்கள் கடைகளை அடைத்துவிட்டுத் தேர்வுக்கு வந்தார்கள். தேர்வு மண்டபத்தின் நடுவில் ஒரு மேசை. மேசையில் ஒரு அட்டைப் பெட்டி, அதைச் சுற்றிச் சிவப்பு நாடா. உள்ளே புத்தம் புதுக் கணினி இருந்தது. அமைச்சர் வந்து நாடா வெட்டும்வரை அதைத் திறக்கக் கூடாது.

"திறக்காம எப்படிங்க தேர்வு?" என்று முதல் பையன் கேட்டான்.

"அவசரக்காரர்," என்று சொல்லி முத்திந்தா அவனை அனுப்பிவிட்டார்.

இரண்டாவது பையன் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அரசாங்கப் பொருளை மதிக்கத் தெரியாதவர் என்று அவனும் போனான். இன்னொருவன் பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, இது கணினி இல்லை, அச்சு இயந்திரம் என்றான். அவனுக்கு வாரியத்தின்மேல் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. கடைசியாகக் கைனான் வந்தான். கரிஸ்ஸாக்காரன், ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துபவன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நல்ல கணினியாத்தான் இருக்கும்னு தோணுதுங்க," என்றான்.

கணினி அறிவில் அவனுக்கு முழு மதிப்பெண். அடுத்தது மொழி. முத்திந்தாவுக்குச் சோமாலி தெரியாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத்தை மட்டும் கவனிப்பது அவர் முறை. கைனான் கரிஸ்ஸா சந்தையில் ஆடு விற்கிற விலையைச் சொல்லிப் புலம்பினான். முத்திந்தா தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆதி காலத்துக் கவிதை மாதிரி இருக்கு," என்றார்.

உபா அன்று கைனானுக்குக் கேன் நிறையப் பால் கொடுத்தாள். தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நிமோவிடம் சொல்லி, அவனுக்குப் பிடித்த ஆட்டுக்கறிக்கும் சொல்லி வைத்தாள்.

வழக்கு நாளன்று கைனான் உடுப்புத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தான். குர்ஆன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். கூண்டுக்குப் பக்கத்தில் போனான். குலேத்தின் முகத்தைப் பார்த்தான். முன்பின் தெரியாத ஒரு சோமாலியைப் பார்க்கும் சோமாலி முதலில் எதைக் கேட்பானோ அதைக் கேட்டான்.

"நீ யார் பிள்ளைப்பா?"

"வர்சமே பிள்ளை."

"எந்த வர்சமே?"

"வர்சமே, ரோப்ளே, ஸமதர், கெத்தி," என்று குலேத் அப்பன், பாட்டன், பூட்டன் என்று வரிசையாக ஏறினான். கைனானும் தன் பக்கத்திலிருந்து ஏறினான். இரண்டு பேரும் ஏழாவது ஆளில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

"அடப்பாவி, நீ எங்க எல்மி வழியாடா?" என்று கைனான் கூண்டுக் கம்பிக்குள் கையை விட்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"என்ன நடக்குது அங்க?" என்றார் நீதிபதி.

கைனான் சத்தியம் செய்திருந்தான். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான். "ஐயா, எங்களுக்கு ஏழாவது பாட்டன் ஒருத்தரேங்க."

"சொந்தக்காரனா?" நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "சொந்தக்காரன் மொழிபெயர்த்தா நீதி சாயும். போலாம்."

வெளியே உபா கைனானைப் பிடித்துக்கொண்டாள். "வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? உன்னை யாருடா பாட்டனைக் கேக்கச் சொன்னது?"

"கேக்காம எப்படிக்கா பேச்சை ஆரம்பிக்கறது?" கைனானுக்கு உண்மையிலேயே மனம் நொந்துபோயிருந்தது. "யார் பிள்ளைன்னு கேக்காம ஒரு மனுஷன்கிட்டப் பேசினா, என்னைப் பெத்தவங்களுக்கு அவமானம் இல்லையா?"

"என் தம்பி உள்ள கெடக்கறானே."

"உன் தம்பி மட்டுமா? இப்ப எனக்கும் தம்பி," என்றான் கைனான். அழுதான். அவன் அழுததால் உபாவால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

அடுத்த ஆளை உபா யோசித்துத் தேர்ந்தெடுத்தாள். ஷீரே என்று பெயர். கைபேசிக் கடைக்காரன். அவனுடைய பாட்டன்கள் வேறு பக்கம், இவர்களுடைய பாட்டன்கள் வேறு பக்கம். எங்கேயும் முட்டாது என்று நிமோ தன் பாட்டனைச் சாட்சி வைத்து உறுதி சொன்னாள். ஷீரேயும் பெட்டி முன்னால் அடக்கமாக நின்று தேர்வில் தேறினான்.

"பாட்டனைப் பத்தி மூச்சு விட்டேன்னா உனக்கு ஆயுசுக்கும் பால் கிடையாது," என்று உபா எச்சரித்திருந்தாள். ஷீரே வாயைத் திறக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் இப்போது அனுபவம் பெற்றுவிட்டது. நீதிபதியே ஆணையிட்டார்: "முதல்ல ரெண்டு பேரும் பாட்டன் பேரைச் சொல்லுங்க. தெளிவா, சத்தமா."

சொன்னார்கள். ஏழு தாண்டியது, பத்து தாண்டியது, மேலே மேலே போயிற்று. எங்கும் முட்டவில்லை. உபா துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கேட்டாள். பெயர்கள் தீர்ந்ததும் நீதிபதி திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப உங்க ரெண்டு குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா," என்றான் ஷீரே. அவனும் சத்தியம் செய்தவன்தான். "எங்க பூட்டனை இவங்க பூட்டன் ஒரு கிணத்துல தள்ளிவிட்டாரு, அவ்வளவுதான். ஒட்டகம் கொடுத்து அப்பவே தீர்த்துக்கிட்டாங்க."

"தள்ளல. தவறி விழுந்தாரு," என்றான் குலேத் சோமாலியில்.

"என்ன சொல்றான்?"

"தவறி விழுந்தாராம் ஐயா. இப்படித்தான் ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியறானுங்க."

நீதிபதி ஷீரேயையும் அனுப்பிவிட்டார். சொந்தம் ஆகாது, பகையும் ஆகாது. வழக்கைத் தள்ளிவைத்தார். இந்த முறை உபா வெளியே யாரையும் திட்டவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

வாரியத்துக்கு இது பொற்காலம். உறவு நடுநிலைக் குழு என்று ஒன்று கூடியது. பத்திரிகைக்காரர்களை அழைத்து முத்திந்தா பேசினார். உபாவையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

"இதுவரைக்கும் நாம பாட்டன்களோட சக்தியைக் குறைச்சு எடை போட்டுட்டோம்," என்றார் அவர். "ஒரு சோமாலி இன்னொரு சோமாலிக்கு ஒண்ணு சொந்தம், இல்லேன்னா பகை. நடுவுல இடமே இல்ல. ஆகவே நமக்கு வேண்டியது பாட்டன் இல்லாத ஒரு சோமாலி. அப்படி ஒருத்தர் பொறக்கற வரைக்கும் நாடு காத்திருக்க முடியாது. அதனால வெளிநாட்டுலேர்ந்து, சோமாலி படிச்ச ஒரு வெள்ளைக்காரரை வரவழைக்கறோம். விமானச் செலவைப் பத்திக் கேக்காதீங்க. நீதிக்கு விலை கிடையாது. ஹோட்டலுக்கு மட்டும்தான் உண்டு, அதையும் கொடுத்தாச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்ததால் உபாவும் தட்டினாள்.

அந்த வாரம் அவள் சிறைக்குப் போனபோது குலேத் இளைத்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நிற்பதற்குள் காவலர் ஒருவர் அவனைக் கூப்பிட்டார். "டேய் குலேத், இங்க வா. இந்தக் கிழவன் என்னமோ சொல்றான், என்னன்னு கேளு." அவன் கேட்டுச் சொல்லிவிட்டு வந்தான். மறுபடி இன்னொருவர் கூப்பிட்டார். சிறைக்கூடத்துக் கணினி நின்றுவிட்டதாம். அதையும் பார்த்துவிட்டு வந்தான்.

"இதெல்லாம் நீதான் செய்யறியா?" என்றாள் உபா.

"வேற யாருக்குத் தெரியும் இங்க? ரெண்டு பாஷை, கணினி. எல்லாத்துக்கும் நான்தான்."

"அப்ப உனக்குச் சுவாஹிலி தெரியும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"சிறைக்குள்ள தெரியும். கோர்ட்டுக்குள்ளதான் தெரியாது." சிரிக்கப் பார்த்தான். "அக்கா, அந்த வெள்ளைக்காரனுக்கு நிஜமாவே பாட்டன் இல்லையா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

வெள்ளைக்காரர் வந்தார். தோர்கில் என்று பெயர், நார்வேக்காரர். சோமாலியை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். சுவாஹிலியை வேறொரு ஆராய்ச்சிக்காகக் கற்றவர். கணினியிலும் பட்டம் இருந்தது. அவர் பெட்டி முன்னால் நின்றபோது, அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. முத்திந்தா நெகிழ்ந்துபோனார்.

நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. ஈஸ்ட்லியிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். தோர்கில் கூண்டருகே போய், ஏட்டுச் சோமாலியில், மேய்ச்சல் நிலமும் மழையும் குறித்த நீண்ட முகமன் ஒன்றைச் சொன்னார். ஈஸ்ட்லியில் பிறந்த குலேத் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையிலேயே ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"பாத்தீங்களா?" என்றார் நீதிபதி. "புரியலை. நான் அப்பவே சொன்னேன்."

உபாவுக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. புரியாவிட்டால் என்ன, வழக்கு நடந்தால் போதும். ஒரு சொல் போதும், திறந்து கொடுத்தது மேலாளர் கேட்டதால்தான் என்று. தோர்கில் முகமனை முடித்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. வழக்கம் என்னவென்று படித்திருந்தார்.

"நீ யாருடைய மைந்தன்?" என்று கேட்டார்.

கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. நடுநிலைக் குழு சிரித்தது. கேட்கட்டுமே, இவருக்கு ஏது பாட்டன்? குலேத் தயங்கித் தயங்கிச் சொன்னான். தோர்கிலின் முகம் சிவந்தது. வாஜிர் பக்கம் ஒட்டகக்காரர்களோடு அவர் ஆராய்ச்சி செய்த காலத்தில், ஒரு பெரியவர் அவரைப் பிள்ளையாக எடுத்துக்கொண்டு, தன் பாட்டன் வரிசை முழுவதையும் அவருக்குக் கொடுத்திருந்தார். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. மறப்பதற்காகவா பட்டம் வாங்கினார்? கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பிழை இல்லாமல், அடுக்கிக்கொண்டே போனார்.

ஐந்தாவது பாட்டனில் முட்டியது.

ஈஸ்ட்லிப் பெண்கள் தம்மையறியாமல் குலவையிட்டார்கள். தோர்கில் குலேத்தைக் கட்டிக்கொண்டார். நீதிபதி எழுந்து உள்ளே போய்விட்டார். உபா மட்டும் சிரிக்கவும் இல்லை, குலவையிடவும் இல்லை. கைனானைவிட இந்த ஆள் இரண்டு பாட்டன் நெருக்கம் என்பது அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறையும் தோற்றபிறகு வாரியத்துக்கு வெளிநாட்டிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. பற்றாக்குறைக்குக் கொடுத்தது போதும், ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளரையாவது கண்ணில் காட்டுங்கள் என்றார்கள். முத்திந்தா நாடெங்கும் தேடினார். கடைசியில் ஒரு நாள் உபாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அம்மா, ஆள் கிடைச்சாச்சு. ரெண்டு மொழியும் தண்ணி மாதிரி. கணினியில புலி. நன்னடத்தைக்குச் சிறை அதிகாரிகளே சாட்சி."

"யாருங்க?"

"உங்க தம்பி."

உபா பால் கேன்மேல் உட்கார்ந்துவிட்டாள். நிமோ அவள் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "அப்ப அவனுக்குச் சுவாஹிலி தெரியும்னு ஒத்துக்கிட்டீங்களா?" என்று கத்தினாள்.

"மொழிபெயர்ப்பாளரா ஒத்துக்கிட்டோம்," என்றார் முத்திந்தா. "கூண்டுல நிக்கறவனா இன்னும் ஒத்துக்கல. அது வேற துறை."

சான்றிதழ் வழங்கும் விழா சிறை முற்றத்தில் நடந்தது. நாட்டின் முதல் சோமாலி சுவாஹிலி கணினி மொழிபெயர்ப்பாளர் விலங்கிட்ட கைகளோடு சான்றிதழை வாங்கிக்கொண்டார். விலங்கு தெரியாதபடி படம் எடுத்தார்கள். உபா நீதிபதி வஞ்சாலாவின் காரை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, ஆள்தான் கிடைச்சாச்சே. அவன் வழக்கை அவனே மொழிபெயர்க்கட்டும். விட்டுடுங்க."

நீதிபதி கார்க் கண்ணாடியை இறக்கினார். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே சொன்னார். "யோசிச்சுப் பாரும்மா. ஒரு மனுஷனுக்கு அவனைவிட நெருங்கின சொந்தம் யாரு? ஏழாவது பாட்டனுக்கே நான் ஒத்துக்கல."

இருந்தாலும் வழி இல்லாமல் இல்லை. குலேத் மற்றவர்களுடைய வழக்குகளில் மொழிபெயர்க்க வேண்டும். அப்படியே இன்னொருவரையும் பழக்க வேண்டும். அந்த இன்னொருவர் தேறியதும், அவர் வந்து குலேத்தின் வழக்கை மொழிபெயர்ப்பார். அதுவரை ஒரே ஒரு நிபந்தனை. எந்த வழக்கிலாவது கூண்டில் நிற்பவர் குலேத்துக்குச் சொந்தம் என்றோ பகை என்றோ தெரியவந்தால், அவன் சான்றிதழ் ரத்து. அந்த வழக்கும் முதலிலிருந்து, இவன் வழக்கும் முதலிலிருந்து. இதைக் கண்காணிக்க வாரியம் ஓர் அதிகாரியை நியமித்தது. சோமாலி தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதால் ஷீரேக்கு அந்த வேலை கிடைத்தது. கைபேசிக் கடையை மூடிவிட்டு அவன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டான்.

குலேத் நன்றாக மொழிபெயர்த்தான். கூண்டுக்கு வெளியே, விலங்கோடு நின்று, கூண்டுக்கு உள்ளே விலங்கில்லாமல் நின்றவர்களுக்காகப் பேசினான். வாரத்துக்கு வாரம் யாராவது விடுதலையாகிப் போனார்கள். போகும்போது அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். அவன் சிறை வண்டியில் ஏறினான். உபா ஒவ்வொரு வழக்குக்கும் வந்தாள். தம்பியைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. சிறையில் கம்பி வலை உண்டு, இங்கே இல்லை. ஆனால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் பொதுமக்களோடு பேசினால் நடுநிலை கெடும்.

ஒருநாள் கூண்டில் ஹிர்ஸி என்ற பெரியவரை நிறுத்தினார்கள். மந்தேராவிலிருந்து மாடு விற்க வந்தவர். அவருடைய கைபேசியை யாரோ வாங்கிப் பேசிவிட்டுத் தருவதாகச் சொல்லி, அதிலிருந்து ஊரையெல்லாம் ஏமாற்றியிருந்தார்கள். கிழவருக்கு ஒரு சொல் சுவாஹிலி தெரியாது. இவ்வளவு நாளில் உண்மையிலேயே மொழிபெயர்ப்பு வேண்டியிருந்த ஒரே ஆள் அவர்தான். தன் மொழியைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குலேத்தின் பக்கம் குனிந்தார்.

"நீ யார் பிள்ளைப்பா?"

மூலையில் ஷீரே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்ன கேக்கறார்?" என்றார் நீதிபதி.

"தண்ணி வேணுமாம் ஐயா," என்றான் குலேத். ஷீரே வாயைத் திறந்தான். பழைய கிணற்றுப் பகை போதும் என்றோ, இவன் போனால் தன் வேலையும் போகும் என்றோ, மறுபடி மூடிக்கொண்டான்.

தண்ணீர் வந்தது. பெரியவர் குவளையைப் பார்த்தார், குலேத்தைப் பார்த்தார். காது கேட்காத பையன் போலிருக்கிறது என்று நினைத்துச் சத்தமாகக் கேட்டார். "உங்கப்பன் பேரு என்னன்னு கேட்டேன்."

"எனக்கு அப்பன் கிடையாது," என்றான் குலேத் சோமாலியில். "நடந்ததைச் சொல்லுங்க."

பெஞ்சில் இருந்த உபா குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

குலேத் எதையும் விடாமல் மொழிபெயர்த்தான். கைபேசி கைமாறியது எப்போது, சிம் அட்டை யார் பெயரில், பணம் எந்த வழியாகப் போனது, எல்லாம் நீதிபதிக்குப் புரிந்தது. கிழவரை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். குலேத்தைப் பின்வாசல் வழியாக வண்டிக்குக் கொண்டுபோனார்கள்.

தாழ்வாரத்தில் பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு தடுமாறி நின்றார். உபா ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள். அவள் தலைத்துணியையும் முகத்தையும் பார்த்து அவருக்குத் தெம்பு வந்தது.

"நம்ம பொண்ணா நீ? அல்லா உனக்கு நல்லது செய்யட்டும். உள்ள எனக்காகப் பேசினானே, அந்தப் பையன் யாரும்மா? முகத்தைப் பாத்தா எங்க ஸமதர் வழி மாதிரி இருக்கு. அப்பன் இல்லேங்கறான். நம்ம ஆளுங்கள்ல அப்படி ஒருத்தன் இருப்பானா? எந்த வீட்டுப் பிள்ளைன்னு உனக்குத் தெரியுமா?"

தன் பூட்டன் ஸமதரின் பெயரை அவர் சொன்னதும், அதற்கு மேலே இருந்த பெயர்கள் எல்லாம் உபாவின் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. பெரியவரைச் சித்தப்பா என்று கூப்பிட வாயெடுத்தாள். தூணுக்குப் பக்கத்தில் ஷீரே கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, வேறெங்கோ பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தான்.

"தெரியாதுங்க," என்றாள் உபா. "அந்தப் பையனை எனக்குத் தெரியாது. நான் பால் விக்க வந்தவ."

"அப்படியா." பெரியவர் பெருமூச்சு விட்டார். பெயர் தெரியாத அந்தப் பையனுக்காகக் கைகளை உயர்த்தி ஒரு துஆ ஓதினார். அனாதைகளுக்காக ஓதும் துஆ அது. முடிந்ததும் முகத்தைத் தடவிக்கொண்டு உதட்டை நனைத்துக்கொண்டார். "பாலைப் பாத்து எத்தனை நாளாச்சு. ஒரு குவளை ஊத்தும்மா."

உபாவின் கைகளில் ஒன்றும் இல்லை. ஷீரே திரும்பி அவள் கைகளைப் பார்த்தான்.

"தீந்துபோச்சுங்க," என்றாள் அவள்.